கல்லூரி ஐஸ் ஹாக்கி 1948ல் பிறந்ததல்ல: என்சிஏஏ-வுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பில், ஐஸ் ஹாக்கி சாதனைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியோர்களுக்கு வணக்கம்.

நான் நியூஜெர்சியில் பிரின்ஸ்டன் பக்கம் வசிக்கும் தமிழன். குளிர்காலம் வந்தால் மகளோடு ஹோபி பேக்கர் அரங்குக்கு ஹாக்கி பார்க்கப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த அரங்கின் பெயருக்குரிய மனிதரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

உங்கள் ஐஸ் ஹாக்கி சாம்பியன்களின் பட்டியல் 1948ல் தொடங்குகிறது. அந்த வருடம் கொலராடோ ஸ்பிரிங்ஸில் மிச்சிகன் அணி டார்ட்மத்தை 8-4 என்று வென்றது. நீங்கள் நடத்திய முதல் போட்டி அது, சரி. ஆனால் கல்லூரிகள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தன. யேலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் 1896 பிப்ரவரியில் பால்டிமோரில் மோதி 2-2 என்று சமன் செய்தன. அடுத்த சில வருடங்களில் கிழக்குக் கரைக் கல்லூரிகள் தங்களுக்கென்று ஒரு லீக்கே வைத்துக்கொண்டன.

இதெல்லாம் பழங்கதை, என்சிஏஏ உருவாவதற்கு முந்தைய காலம் என்று நீங்கள் சொல்லவும் முடியாது. உங்கள் அமைப்பு 1906லேயே வந்துவிட்டது, 1910 முதல் இதே பெயரில் இயங்குகிறது. நான் சொல்லப்போகும் பருவங்கள் அதற்குப் பிறகு நடந்தவை.

முதலில் கார்னெல்லின் 1910-11 பருவம். டால்பட் ஹண்டர் பயிற்சி கொடுத்த அணி. பத்து ஆட்டங்கள், பத்திலும் வெற்றி, லீக் பட்டமும் அவர்களுக்கே. அவர்களிடம் செயற்கை ஐஸ் அரங்கம் கிடையாது. வளாகத்திலிருக்கும் பீபி ஏரி உறைந்தால் பயிற்சி, உருகினால் இல்லை. வானத்தைப் பார்த்துப் பயிற்சி செய்த பையன்கள் ஹார்வர்டையும் யேலையும் தாண்டி வந்திருக்கிறார்கள். கார்னெல்லின் 1970 அணி 29 ஆட்டங்களிலும் தோற்காமல் சாம்பியன் ஆனதைக் கல்லூரி ஹாக்கி ரசிகர் எல்லோருக்கும் தெரியும், உங்கள் பட்டியலிலும் இருக்கிறது. அதே கல்லூரியின் தோல்வியே காணாத முந்தைய அணியை எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த வருடம், 1911-12ல், பட்டம் பிரின்ஸ்டனுக்கு வந்தது. ஹோபி பேக்கர் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடிய முதல் பருவம் அது. அன்றைய ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஏழாவது ஆள் ரோவர்: தாக்குதலுக்கும் போவார், தடுப்புக்கும் திரும்புவார், மைதானம் முழுக்க அவருடையது. பக்கை, அதாவது ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை, முன்னோக்கித் தட்டிக் கொடுக்கும் பாஸ் சட்டப்படி கிடையாது. அதனால் பக்கை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு எதிரணியை ஊடுருவிச் சறுக்கிப் போகத் தெரிந்தவன்தான் ஆட்டத்தின் ராஜா. பேக்கர் அதில் மன்னன். பக்கைக் குனிந்து பார்க்காமலே ஓட்டிக்கொண்டு போவாராம். அவர் தண்டனை வாங்கி வெளியே உட்கார்ந்தது மிக அரிது என்பதிலும், ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் அறைக்குப் போய்க் கை குலுக்குவார் என்பதிலும் அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். என் மகளுக்கு நான் முதலில் சொன்னது இந்தக் கை குலுக்கலைத்தான்.

பிரின்ஸ்டனுக்கும் அப்போது சொந்த அரங்கம் இல்லை. சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, நியூயார்க்கில் 66ஆம் தெருவில் இருந்த செயின்ட் நிக்கலஸ் அரங்கைத்தான் சொந்த மைதானமாக வைத்திருந்தார்கள். 1896ல் திறந்த செயற்கை ஐஸ் அரங்கம் அது. ஒரு கல்லூரிப் பையன் ஆடுவதைப் பார்க்க அங்கே கூட்டம் நெரிந்தது.

அப்புறம் 1914 ஜனவரி 24. பேக்கர் அணித்தலைவராக ஆடிய கடைசிப் பருவம், பாஸ்டன் அரங்கம், எதிரே ஹார்வர்டு. வழக்கமான நேரம் முடிந்தபோது 1-1. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுபவருக்கு வெற்றி என்று ஆட்டம் தொடர்ந்தது. இன்றுபோல் நிமிடத்துக்கொரு தரம் ஆளை மாற்றும் பழக்கம் அன்று இல்லை. தலைக்கவசம் இல்லை, கோல்காப்பவர் முகத்துக்கும் கவசம் இல்லை. மொத்தம் 73 நிமிட ஆட்டம் ஆன பிறகு ஹார்வர்டு 2-1 என்று ஜெயித்தது. வெற்றி கோல் போட்டவர் லெவரெட் சால்டன்ஸ்டால், பிற்காலத்தில் மாசசூசெட்ஸின் ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனவர். அவர் அரசியல் வாழ்க்கையை எங்கே தேடினாலும் படிக்கலாம். அவர் கோல் போட்ட அந்தப் பருவத்துக்கு உங்கள் சாம்பியன்கள் பட்டியலில் இடமில்லை.

முதல் உலகப் போரில் விமானியாக இருந்த பேக்கர் 1918 டிசம்பர் 21 அன்று பிரான்சில் தூல் அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 26. போர் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழுது பார்த்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். அவர் நினைவாக 1923ல் பிரின்ஸ்டனில் அரங்கம் எழும்பியபோது, அவரை எதிர்த்து ஆடிய ஹார்வர்டு, யேல் ஆட்களும் பணம் கொடுத்தார்கள். 1981 முதல் கல்லூரி ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் விருது அவர் பெயரில்தான். அவர் எத்தனை கோல் போட்டார் என்று கேட்டால் மட்டும் அதிகாரபூர்வமான பதில் இல்லை. 120க்கு மேல் என்பது ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். இது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குப் புரிகிறது. அன்றைய லீக் கிழக்கில் சில கல்லூரிகளோடு நின்றது. ஐஸ் உருகி ஆட்டங்கள் ரத்தாகின. கல்லூரி அல்லாத கிளப் அணிகளோடும் மோதினார்கள். ஆகவே கார்னெல்லையோ பிரின்ஸ்டனையோ தேசிய சாம்பியன் என்று இப்போது அறிவிக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அது பொய்க் கணக்காகிவிடும்.

ஆனால் அமெரிக்கக் கால்பந்துக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். உங்கள் கால்பந்துப் பதிவேடு 1869 வரை பின்னோக்கிப் போகிறது. அன்று உங்கள் அமைப்பும் இல்லை, சாம்பியன் போட்டியும் இல்லை. பிற்காலத்தில் யார் யார் எந்த அணியைச் சாம்பியன் என்று கணித்தார்கள் என்பதைப் பெயரோடு அச்சிட்டு, முடிவை வாசகரிடம் விட்டிருக்கிறீர்கள். நல்ல வழி. இதே பேக்கர் 1913ல் பிரின்ஸ்டன் கால்பந்து அணிக்கும் தலைவர். அந்தப் பருவத்துக்கு உங்கள் ஏட்டில் ஒரு வரி இருக்கிறது, சில வாரங்கள் கழித்து ஸ்கேட் மாட்டிக்கொண்டு அவர் ஆடிய பருவத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

நான் கேட்பது ஒரு தனி அத்தியாயம். 1896 முதல் 1947 வரை ஒவ்வொரு பருவமும்: எந்தெந்த அணிகள், எந்த அரங்கில் அல்லது எந்த ஏரியில், என்ன ஸ்கோர், லீக் பட்டம் யாருக்கு. சந்தேகம் உள்ள இடத்தில் சந்தேகம் என்றே குறியுங்கள். இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. பிரின்ஸ்டன், ஹார்வர்டு, கார்னெல் மாணவர் நாளிதழ்களின் பழைய பக்கங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆட்ட விவரங்களை அன்றைய மாணவர்களே அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தந்தக் கல்லூரி நூலகத்தாரும் வரலாற்று மாணவர்களும் சேர்ந்தால் இரண்டு மூன்று வருடத்தில் முடிகிற வேலை.

தள்ளிப்போடவும் கூடாது. செயின்ட் நிக்கலஸ் அரங்கம் எப்போதோ போய்விட்டது. அந்த 73 நிமிட ஆட்டம் நடந்த பாஸ்டன் அரங்கை, பின்னாளில் மேத்யூஸ் அரங்கம் ஆனதை, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் முடிவெடுத்துவிட்டது. பதிவேட்டின் அடுத்த பதிப்பிலேயே, முழு அத்தியாயம் முடியாவிட்டாலும், லீக் நடந்த வருடங்களின் பட்டங்களையாவது சேர்த்துத் தொடங்குங்கள்.

அன்புடன்,
பிரின்ஸ்டன் பக்கத்துத் தமிழ் ரசிகன் ஒருவன்