முதலில் போய் நிற்கும் பணம்

அன்பு மாப்ள,

கடிதம் வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005-ல் போலீஸே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, கத்திக்குத்தைத் தொற்றுநோய் போல அணுகியதைப் பற்றி நீ எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தேன். நம் தெருப் பயல்கள் அடிதடிக் கூட்டங்களில் சேராமல் தடுக்க அங்கிருக்கும் நம்மூர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார், தெருச் சங்கம் அதை எதற்குச் செலவழிக்கும் என்று கேட்டிருக்கிறாய். தெரிந்ததை எழுதிவிடுகிறேன், அவர்களிடம் அப்படியே காட்டு.

ஒன்றை முதலில் மனசில் வை. இந்தப் பயல்களுக்கு ஏற்கெனவே ஒருத்தர் பணம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பதினேழு வயதுப் பையன் அடிதடியில் மாட்டினால், ராத்திரியே வக்கீலோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பது ஏரியா அண்ணன்தான். ஜாமீன் செலவு, பைக் டியூ, அக்கா கல்யாணத்துக்குச் செய்முறை எல்லாம் அவர் கையிலிருந்து வரும். அதை அவர் பணமாகத் திருப்பிக் கேட்க மாட்டார், ‘ஒரு சின்ன வேலை இருக்கு’ என்பார். நம் நிதி அவர் பணத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஜிம், கோப்பை, போட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதில் பாதிக்குப் பணமே தேவையில்லை. 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் சிறுவனை ஜாமீனில் விடுவதுதான் விதி, ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். மறுக்கச் சில காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்பது. தெருவில் மதிப்புள்ள ஒருவர் பெற்றோரோடு போய் ‘நான் பொறுப்பெடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காரணம் வலுவிழக்கும். சிறாருக்கும், காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100. இந்த எண் தெரியாததால்தான் வீட்டில் தோட்டை அடகு வைக்கிறார்கள், இல்லை அண்ணனைக் கூப்பிடுகிறார்கள்.

நிதி கொடுக்க வேண்டியது ஆட்டோ, சாப்பாடு, ஜெராக்ஸ், அம்மாவின் அன்றாடக் கூலி, அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் அது ராத்திரி பதினொரு மணிக்குக் கைக்கு வர வேண்டும். அதனால் 5,000 ரூபாய் எப்போதும் ரொக்கமாக ஒரு வீட்டில் இருக்க வேண்டும், செலவை மறுநாள் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியின் அவசரப் பிரிவில் ‘நேவிகேட்டர்’ ஆட்கள் நின்று அடிபட்டவனோடு பேசுகிறார்கள் என்றாயே, அதற்கு நம்மூரில் இடம் பெரியாஸ்பத்திரி வாசல். குத்துப்பட்டவனைக் கொண்டுவந்து சேர்த்த கூட்டாளிகள் டீக்கடைப் பக்கம் நின்று யாரை எப்போது என்று பேசுவது அங்கேதான். அந்த மணி நேரத்தில் அவர்கள் மதிக்கிற ஒருத்தர் பக்கத்தில் நின்றால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதற்குத் தோதான ஆள் இருபத்தைந்து, முப்பது வயதில், முன்பு அதே கூட்டத்தில் இருந்து விலகி, வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாமல், பகலில் சொந்தமாக ஒரு வேலை பார்ப்பவர். சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை பயல்கள் விளையாடும் மைதானத்தில் நிற்க மாதம் 5,000 ரூபாய் கொடு. அவர் போலீசுக்குத் தகவல் சொல்பவர் என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால் போதும், எவனும் கிட்ட வர மாட்டான், அவர் உயிருக்கும் ஆபத்து.

அவர் கண் வைக்க வேண்டியது நினைவு நாள் ஃபிளெக்ஸ். நடுவில் செத்தவன் சிரித்துக்கொண்டிருப்பான். கீழே ஸ்டாம்பு சைசில் இருபது முப்பது பயல்கள் முகம், கூலிங்கிளாஸோடு. எதிர்த்தரப்பு அந்த ஃபிளெக்ஸைத்தான் பட்டியலாக வைத்துக்கொள்ளும். முதலாம் ஆண்டுக்கு ஒரு மாதம் முன்பே செத்தவனின் அம்மாவிடம் போய், இறந்தவர் படம் மட்டும் போடச் சொல்லி, அன்னதானத்துக்கு நிதியிலிருந்து 3,000 கொடுக்கலாம். இதைவிட மலிவாகச் செய்யக்கூடிய வேலை எனக்குத் தெரியவில்லை.

வசூல் கணக்கு இது. 250 வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று வைத்தால் 150 வீடுதான் தரும் என்று நினைத்துக்கொள், 7,500 வரும். அதில் 5,000 சம்பளம், 1,000 பந்துக்கும் லைட்டுக்கும், 1,500 கையிருப்பு. பெண்கள் சுயஉதவிக் குழுவினர் முதல் ஐந்து தேதிக்குள் நம்பர் போட்ட ரசீதோடு வாங்கட்டும். பயல்களை வசூலுக்கு அனுப்பினால் ஒரே மாதத்தில் அது மாமூல் ஆகிவிடும். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். வங்கியில் மூவரில் இருவர் கையெழுத்து, மூவரும் ஒரே சமூகமாக இருக்கக் கூடாது, ஒருவராவது பெண். வரவு செலவு மாதாமாதம் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மைதான விளக்கு, கழிப்பறை போன்றவற்றுக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதி அரசு போடும், ஆனால் ஃபைல் நகர மாதங்கள் ஆகும்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ரொக்கப் பரிசு வைத்த கிரிக்கெட் போட்டி அம்பயர் தீர்ப்பில் தொடங்கி அரிவாளில் முடியும். அதனால் பரிசு வேண்டாம், தெருவுக்குத் தெரு அணி வேண்டாம், சீட்டுக் குலுக்கிக் கலந்து பிரி. ஜெர்சி நிறம் எந்தச் சாதிக்கும் சேராததாக இருக்கட்டும். நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சாதி வெறியில் வெட்டியதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024-ல் பள்ளிகளில் வண்ணக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது சும்மா இல்லை. ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்தும் சுற்றுலாவுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில், அப்படிப் போய்வந்த பையன்கள்தான் பின்னால் அதிகம் தப்பு செய்தார்கள். சமாதானம் பேசப் போனவர் கட்டப்பஞ்சாயத்துக்காரர் ஆவதுதான் பெரிய ஆபத்து. எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கைத் தொடவே கூடாது, பேசிவிடுவதற்கு ஒரு டீ கூட வாங்கக் கூடாது. சிறுவர் மீதான பாலியல் குற்றமென்றால் பேச்சே இல்லை, போக்சோ சட்டப்படி உடனே புகார்.

எல்லாவற்றையும்விட மோசம், ஆறாம் மாதம் சம்பளம் நிற்பது. அந்த ஆளை நம்பி வந்த பையனுக்கு அது இரண்டாவது ஏமாற்றம். உங்கள் பணம் இங்கேதான் வேண்டும். 60,000 ரூபாய், ஒரு ஆளின் ஒரு வருடச் சம்பளம், தொடங்கும் முன்பே வங்கியில் கிடக்க வேண்டும். தெரு வசூல் குறைந்த மாதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அனுப்பும் முன் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் கேள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர் தந்தால், ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கி 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும், தெருச் சங்கத்துக்கு அது எட்டாது. அப்படிப்பட்டவர்கள் பணத்தைக் கலந்து உன் கணக்கில் போட்டு அனுப்பாதே, மொத்தச் சங்கமும் மாட்டிக்கொள்ளும். அவர்களிடம் வேறு உதவி கேள்: நேவிகேட்டர் ஆட்களுக்கு எத்தனை நாள் பயிற்சி, எந்தக் கிழமை எந்த நேரம் டியூட்டி, மனசு உடைந்தால் அவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல். கடைசிக் கேள்விக்குப் பதில் சீக்கிரம் வேண்டும், நம்ம ஆளுக்கு இங்கே அப்படி ஒருத்தரை இன்னும் ஏற்பாடு செய்யவில்லை.

அன்புடன்,
உன் மதுரை மாப்ள