பாக்தாத் துப்பாக்கி

தக்கலை
ஞாயிறு இரவு

அன்பு மக்கா,

பங்குனியில் நீ எழுதியதற்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். ஐப்பசி மழையில் ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. கணக்கு வாத்தியாருக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது. உன் பெயரைக் கேட்டால் இன்றும் பெருமூச்சுதான் விடுகிறார்.

நீ கேட்டபடி குளச்சலுக்குப் போய்ச் சித்தப்பாவின் ரிவால்வரைப் பார்த்தேன். "என்ன விலை போகும், இரண்டு வரியில் எழுது" என்றாய். எப்போதும் உனக்கு விடை மட்டும் போதும், வழிமுறை வேண்டாம். வாத்தியாரின் பெருமூச்சுக்கு அதுதானே காரணம்! இது இரண்டு வரியில் அடங்காது.

குண்டு இல்லை என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு மடக்கித் திறந்தேன். பிரிட்டிஷ் படையின் பழைய ரிவால்வர், வெப்ளி மார்க் 6, துளை .455 அங்குலம். முதலில் நல்ல செய்தி: ஆலையில் போட்ட பூச்சு அப்படியே இருக்கிறது. விளிம்புகளில் நீலம் தேய்ந்து பழுப்பாகியிருப்பது குறையல்ல, வயது. சாணை பிடித்து மறுபூச்சு போட்டிருந்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். திருகுத் துளைகளின் வாய் கிண்ணம்போல் குழிந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முத்திரையும் கூர்மையாக நிற்கிறது. சித்தப்பாவின் பேரன் இதைப் பளபளப்பாக்க நிக்கல் முலாம் பூசுமிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். மக்கா, அவனை இன்றே கூப்பிட்டுத் தடு. ஆயுதப் பட்டறையில் பதினேழு ஆண்டு இருந்தவன் சொல்கிறேன், உரித்த தோலை எந்தக் காசு கொடுத்தும் திரும்ப ஒட்ட முடியாது.

கெட்டதும் உண்டு. உடலிலும் குழலிலும் ஒரே எண். குண்டு நிறைக்கும் உருளையில் வேறு எண். எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். வல்கனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த கறுப்புப் பிடி போய், ஈட்டி மரத்தில் நம் ஊர் ஆசாரி செதுக்கிய பிடி இருக்கிறது. கையில் அத்தனை வாகாக உட்காருகிறது! சேகரிப்பவர் அதற்கு விலையைக் குறைப்பார்; எனக்குக் குறைக்க மனம் வரவில்லை. இத்தனை காலமும் தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கடற்காற்றின் ஈரத்தைத் தோல் விடாமல் பிடித்துக்கொள்ளும். அது பட்ட பக்கமெல்லாம் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு. போட்ட தேங்காய் எண்ணெயும் காறிப் பிசினாகிவிட்டது. உறையைத் தனியே வைக்கச் சொல்லி, துப்பாக்கி எண்ணெய் ஒரு குப்பி கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம். உடலில் ஒரு கிரீடம், அதன் கீழே 'என்ஃபீல்டு', அதற்கும் கீழே 1923.

முதல் உலகப்போரில், 1917 மார்ச்சில் பிரிட்டிஷ் படையோடு பாக்தாத்துக்குள் நுழைந்தபோது தாத்தாவின் இடுப்பில் இருந்தது இதுதான் என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மார்க் 6 வந்தது 1915இல். அதுவரை கதைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் போர்க்காலத்தில் அதைச் செய்தது பர்மிங்ஹாமின் வெப்ளி ஆலை. என்ஃபீல்டு அரசு ஆலை அதைச் செய்யத் தொடங்கியதே 1921இல்தான். போதாக்குறைக்கு, இரண்டு அம்பு முத்திரைகள் முனையோடு முனை முட்டி நிற்கின்றன. அரசு உடைமையிலிருந்து கழித்து விற்றதற்கான அடையாளம் அது. தாத்தா ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் இது வீட்டுக்குள் வந்திருக்கிறது.

தாத்தா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் ரிவால்வர் வாங்கிக்கொள்வது அன்றைய வழக்கம். போரில் அவரிடம் வேறொன்று இருந்திருக்கும். பிள்ளைகளின் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சித்தப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மக்களே, வருடம் தெரிகிறதா?" என்று கேட்டார். "வெளிச்சம் போதவில்லை சித்தப்பா" என்றேன். அந்த மனிதரிடம் நான் சொன்ன முதல் பொய்.

இப்போது விலை. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி இறக்குமதி பல்லாண்டுகளாக அடைபட்டிருப்பதால் பழையது எதற்கும் இங்கே கிராக்கிதான். ஆனால் நீ எழுதிய அந்தக் கொச்சிக்காரர் அள்ளிக் கொடுப்பதாகச் சொல்வது பாக்தாத்துக்கு, இரும்புக்கு அல்ல. பாக்தாத் என்று சொல்லி இதை விற்க நான் துணைநிற்க மாட்டேன். விற்கத்தான் வேண்டுமா என்றும் யோசி. எழுபது வயது கடந்தவர் உயிரோடிருக்கும்போதே வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இருக்கிறது. பேரனுக்கு ஆசையும் இருக்கிறது, முலாம் பூசும் புத்தியை மட்டும் மாற்றினால் போதும்.

உன் அப்பாவின் தகரப்பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? திருவிதாங்கூர் காலத்து உரிமத்தாளோ கடை ரசீதோ கிடைக்கிறதா என்று தேடு. எந்த எண் இருந்தாலும் அப்படியே எழுதி அனுப்பு. உடலில் உள்ள எண்ணை நான் குறித்து வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்ததும் சித்தப்பாவிடம் இருவருமாகப் போய்ச் சொல்லலாம். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுவரை கொச்சிக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிடாதே.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்