நோயாளியோடு பதிவும் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசாங்க மருத்துவமனைகளில் மின்னியல் மருத்துவப் பதிவு முறையை விரிவுபடுத்துவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன், மனமார வரவேற்கிறேன். செலாயாங் மருத்துவமனை 1999-லேயே காகிதமில்லா மருத்துவமனையாகத் தொடங்கப்பட்டது. ஆனால், ஓரிடத்துப் பதிவு இன்னோர் இடத்து மருத்துவர் கண்ணில் படாவிட்டால் கணினி இருந்து என்ன பயன்? பட்டர்வொர்த்திலிருந்து எங்களோடு தங்க வந்த அம்மாவால், இனிப்பு நீர் (நீரிழிவு) நோய்க்கு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று இங்குள்ள கிளினிக்கில் சொல்லத் தெரியவில்லை. வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்றார். அப்புறம் இரத்தப் பரிசோதனை எல்லாம் முதலிலிருந்து. முதியவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

எல்லாப் பதிவுகளும் இணையும்வரை காத்திராமல், மருந்துப் பட்டியலையும் ஒவ்வாமை விவரத்தையும் மட்டுமாவது சுகாதார அமைச்சு முதலில் இணைக்கலாம். நோயாளி சம்மதித்தால் தனியார் கிளினிக் மருத்துவரும் அவற்றைப் பார்க்க வழி செய்ய வேண்டும்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்