பட்டாம்பூச்சிப் புதையல் வேட்டை: கொடியில் கட்டிய அட்டைகளை உடனே எடுங்கள்

ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்திய பட்டாம்பூச்சிக் காட்டு நடைக்கு, அதாவது புதையல் வேட்டைக்கு, குடும்பத்துக்கு 48 சிங்கப்பூர் வெள்ளி கட்டி நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தோம். முடிந்ததும் நீங்கள் அனுப்பிய படிவத்தில் நட்சத்திரம் போடத்தான் இடம் இருக்கிறது, எழுத இடமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான்காவது துப்பு அட்டையை எங்கே கட்டினீர்கள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? நடைபாதையை விட்டு உள்ளே இறங்கி, ஈஸ்வரமூலி வகைக் கொடி ஒன்றில் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியிருந்தீர்கள். காமன் ரோஸ் பட்டாம்பூச்சி, தமிழ்நாட்டில் ரோஜா அழகி என்பார்கள், அது முட்டையிடுவது இந்தக் கொடிக் குடும்பத்தில்தான். வேறு இலையைப் போட்டால் அதன் புழு தின்னாது. இந்த இலையில் இருக்கும் நஞ்சு உடம்பில் சேர்வதால்தான் பறவைகள் அதைத் தொடுவதில்லை. 2015ல் பொதுமக்கள் வாக்களித்து சிங்கப்பூரின் தேசியப் பட்டாம்பூச்சியாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். உங்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த கறுப்புச் சிறகு, சிவப்பு உடம்புப் படமும் இதுவேதான்! எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் இந்தக் கொடி இருப்பதால் எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள், முன்னால் வந்த குழுக்கள் அட்டையை இழுத்து இழுத்துப் படித்ததில் கொடி பாதி சரிந்து கிடந்தது. அட்டைக்கு ஒரு சாண் மேலே ஒரு கூட்டுப்புழு. இடுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டு நூல், வால் நுனியில் கொஞ்சம் பட்டு, இந்த இரண்டையும் வைத்துத்தான் அது தண்டோடு நிற்கும். அந்த இடுப்பு நூல் அறுந்து, வால் நுனியில் மட்டும் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. கூட்டுப்புழு ஆன பிறகு அதனால் மறுபடி நூல் விடவும் முடியாது. என் மகள் அழுதே விட்டாள். பக்கத்தில் நின்ற உங்கள் மஞ்சள் சட்டைத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்கா, நேரம் ஓடுது, அடுத்த இடத்துக்குப் போங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பியது நேரம் பார்க்கும் கடிகாரம் மட்டும்தான். பட்டாம்பூச்சிகளைப் பற்றித் தெரிந்த வழிகாட்டி கூடவே வருவார் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள், அப்படி ஒருவரும் வரவில்லை.

முதலில் முடிக்கும் குழுவுக்குத்தான் வவுச்சர் என்றால் பிள்ளைகள் ஓடத்தானே செய்வார்கள்? மேகம் விலகிய கொஞ்ச நேரத்தில் சீமை நாயுருவிப் பூவில் ஓர் எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்து, சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடித்தது. என் மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான், உடனே குழுவில் இருந்த மற்ற பிள்ளைகள் அவனால்தான் தோற்கிறோம் என்று கத்தினார்கள். பட்டாம்பூச்சி பார்க்கக் கூட்டி வந்த இடத்தில் பட்டாம்பூச்சியைப் பார்த்ததற்காக என் பிள்ளை திட்டு வாங்கினான், இதை என்னால் ஏற்க முடியவில்லை. நேரமும் சரியில்லை. வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் அவை நன்றாகப் பறக்கும், காலை 9 மணிக்கு மேல் மதியம் வரை வைத்திருக்கலாம். நீங்கள் வைத்ததோ மாலை 4 மணிக்கு, மழை மேகத்தில்.

புதையல் வேட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். துப்புகளைத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள், நடைபாதையில் நின்றே விடை கண்டுபிடிக்கிற மாதிரி கேளுங்கள்: இந்தப் பூவுக்கு எது வருகிறது, உட்காரும்போது சிறகை மடிக்கிறதா விரிக்கிறதா, எந்த இலையில் கடித்த ஓட்டை இருக்கிறது. அதிகம் கவனித்த பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள்.

நேற்று வேலை முடிந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அட்டைகள் அப்படியே தொங்குகின்றன. பிளாஸ்டிக் பட்டை கொடியின் தண்டை இறுக்கிக்கொண்டிருக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

அட்டைகளை இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், கொடி தெரிந்த ஒருவரை வைத்து எடுங்கள், பிய்த்து எடுக்காதீர்கள். சொன்ன வழிகாட்டி வராததால் கட்டிய 48 வெள்ளியும் திரும்ப வேண்டும். நடைபாதைக்கு வெளியே செடிகளில் அட்டை கட்ட அனுமதி வாங்கினீர்களா என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த மாதமும் இதே நிகழ்ச்சிக்கு இப்போதே பணம் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் நான் ரொம்ப நாள் காத்திருக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்துக்கும் பயனீட்டாளர் சங்கத்துக்கும் இதே படங்களோடு எழுதுவேன்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை நடையில் கலந்துகொண்ட ஒரு தாய்