சர்வரைத் தொடுவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. புது வேலையில் விடிஐ (எல்லார் டெஸ்க்டாப்பும் தொலைவில் ஒரு சர்வரில் ஓடும் ஏற்பாடு) மொத்தமும் உன் தலையில் விழுந்திருக்கிறது, மீட்டிங்கில் படம் உறைகிறது, அதனால் சர்வர் மெமரியைக் கூட்டச் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை ஒரு வாரம் தள்ளிப் போடு. அந்தச் செலவை நாங்கள் செய்து பார்த்தோம், ஒரு பலனும் இல்லை.

எங்கள் திருநெல்வேலி கிளையில் ஒரு அக்கா இருக்கிறார். ஆறு மாதமாக ஒவ்வொரு மீட்டிங்கிலும் "உங்க நெட் சரியில்லை" என்று கேட்டுக் கேட்டு, கேமராவையே அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதே மீட்டிங்கில் என் போனில் சேர்ந்து, ஹெட்போனைக் காதில் வைத்தேன். அவர் சொல்லி முடித்து வாயை மூடிய பிறகுதான் என் காதில் அவர் குரல் தொடங்கியது.

எங்கள் டெஸ்க்டாப் எல்லாம் மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடில், புனே டேட்டா சென்டரில். நாகர்கோவில்காரரோடு பேசினாலும் அக்காவின் முகம் முதலில் புனேவுக்குப் போய், அங்கே மறுபடி சுருங்கித்தான் வெளியே போகும். எதிராளி முகமும் அப்படித்தான், புனேவில் விரிந்து, திரைக்காட்சியாகத் திரும்பச் சுருங்கி வரும். போதாததற்குக் கேமராவை யூஎஸ்பி ரீடைரக்‌ஷனில் விட்டிருந்தோம், அதாவது கேமரா தருவது அப்படியே புனேவுக்குப் போகும். 640க்கு 480 படம், நொடிக்கு 30 பிரேம், சுருக்காமல் போனால் கிட்டத்தட்ட 147 மெகாபிட். எந்தக் கிளை லைன் அதைத் தாங்கும்?

மீட்டிங் நடக்கும் டீம்ஸ் ஆப்பில் செட்டிங்ஸ் போய் அபவுட் பகுதியைத் திறந்தேன். 'ஏவிடி மீடியா நாட் கனெக்டட்' என்று ஒரு வரி. ஏவிடி என்றால் அஷூரின் விடிஐ. வெப்ஆர்டிசி ரீடைரக்டர் சர்வீஸ் என்ற மென்பொருளை மாஸ்டர் இமேஜில் (எல்லா டெஸ்க்டாப்புக்கும் மூலப் பிரதி) நாங்கள் போடவே இல்லை. அது இருந்தால் படமும் குரலும் மேசையிலிருந்து நேராக மீட்டிங்குக்குப் போகும், புனே பக்கமே போகாது. சேர்த்தோம். அப்புறமும் லேசாகத் திக்கியது. பார்த்தால் ஃபயர்வாலில், தொலைந்த தரவுத் துண்டுக்காக (பாக்கெட்) காத்திராத யூடிபி வழியின் 3478 முதல் 3481 வரையான போர்ட்டுகளை அடைத்திருந்தது, எல்லாம் டிசிபி 443 வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி அதைத் திரும்ப வாங்கும்வரை பின்னால் வருவதையெல்லாம் நிறுத்தி வைக்கும். ஃபைல் இறக்கப் பரவாயில்லை, பேச்சுக்கு ஆகாது. போர்ட்டைத் திறந்த அன்றே குரல் சீரானது.

ஒன்று மட்டும் கவனி. வேலை இப்போது மேசையில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு, தின் கிளையன்டுக்கு, வந்துவிடும். எங்கள் பழைய இரண்டு கோர் பெட்டிகள் பின்னணியை மங்கலாக்கும் பேக்கிரவுண்ட் பிளர் போட்டதும் திணறின. பிளரை அணைக்கச் சொன்னோம். பணம் கேட்பதாக இருந்தால் அந்தப் பெட்டிகளை மாற்றக் கேள்.

அக்கா இப்போது கேமராவோடு பேசுகிறார். திங்கட்கிழமை போனதும் முதலில் அபவுட் பகுதியைப் பார். அந்த வரி என்ன சொல்கிறது என்று எனக்கு எழுது.

அம்மாவை வெயிலில் கண்ணாடி போடச் சொல்.

உன் பழைய ரூம்மேட்