நம் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தேன்

ராமேஸ்வரம்
மார்ச் 14

அன்புள்ள ஒல்லி,

நீ அனுப்பிய ஏழு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். கடைசி இரண்டில் திட்டு மட்டும்தான். அதையும் முழுசாகக் கேட்டேன். சிவராத்திரிக் கூட்டத்தில் லாட்ஜில் ரூம் சாவி கொடுக்கவும் வாங்கவுமே நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகும் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் சோம்பேறித்தனம், வேறென்ன. அம்மாவுக்கு முட்டிவலி, இவர் சுகம், சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வீட்டுச் செய்தி முடிந்தது.

ஜூனில் இங்கே வந்துவிடுவது உறுதி என்றால் பாப்பாவை நம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் போடலாமா என்று கேட்டிருந்தாயே, போய்ப் பார்த்தேன். ஒரு தடவை சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சொல்லாமல். பதில் ஒரு வார்த்தையில் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

முதல் நாள் கேட்டைத் தள்ளியதுமே தலைமையாசிரியை அட்மிஷன் ஃபாரத்தோடு வந்துவிட்டார். சேர்க்கை நடக்கும் மாதம். வாசலில் ஆள் நின்றாலே அவருக்கு உயிர் வருகிறது. பிள்ளை எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிள்ளை திருப்பூரில் இருக்கிறது, நான் பார்க்கத்தான் வந்தேன் என்றதும் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் நாற்காலி போட்டார். கொய்யா டீச்சர் ரிட்டயர் ஆகி ராமநாதபுரம் போய்விட்டாராம். மரம் மட்டும் அப்படியே நிற்கிறது. உன் கிளையும் இருக்கிறது.

மொத்தம் 43 பிள்ளைகள். நாம் படித்தபோது ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம், இப்போது ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே 43. ஆசிரியர் இரண்டு பேர். சட்டப்படி அது சரிதான்: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால்தான் மூன்றாவது ஆள். அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் தலைமையாசிரியை, அவரும் பாடம் எடுத்தாக வேண்டும். 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆக, இவரே ஆபீஸ், இவரே நான்காம் வகுப்பு, இவரே ஐந்தாம் வகுப்பு. நான் அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் போனில் ஏதோ விவரம் கேட்டு மூன்று தடவை மெசேஜ். பாவமாகத்தான் இருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆள் பற்றாமல் ஆட்டுமந்தை மாதிரி அடைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லையாம். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வகுப்பு பார்ப்பதில்லை, பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருக்கலாம், ஒன்றாம் வகுப்புக்காரி மொட்டில் இருக்கலாம். யோசனை நல்லதுதான். ஆனால் மூன்று கூட்டத்துக்கும் ஒரே டீச்சர். ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டும் ரப்பர் பிடுங்கிச் சண்டை. இங்கிலீஷ் மீடியம் இருக்கிறதா என்று கேட்டாயே, இருக்கிறது. அதே அறை, அதே டீச்சர், புத்தகம் மட்டும் வேறு.

சுவரில் கலாம் படம். இந்தத் தீவில் கலாம் படம் இல்லாத பள்ளிக்கூடச் சுவர் ஏது? அவரும் இங்கே தொடக்கப் பள்ளி முடித்துவிட்டு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போனவர்தானே என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார். “அது தெரியும் டீச்சர், பாத்ரூம் எங்கே?” என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு பாத்ரூம் இருக்கின்றன. கழுவித்தான் வைத்திருக்கிறார்கள், நாற்றம் இல்லை. குடிக்க லாரித் தண்ணீர், கழுவ உப்புத் தண்ணீர். பெண் பிள்ளைகள் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஓட்டை மட்டும். உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் பார்த்தபோது நின்றவளுக்கு ஆறு வயசு இருக்கும். கதவைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே ரோட்டில் போன டூரிஸ்ட் பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தாள். நீயும் நானும் இதே மாதிரி நின்றோம், ஞாபகம் இருக்கிறதா? இருபத்தைந்து வருஷமாகிறது.

இரண்டாம் தடவை புதன்கிழமை காலை எட்டே காலுக்கே போய்விட்டேன். பொங்கல், சாம்பார். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலைச் சாப்பாடு உண்டு. ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், உப்பு சரி. ஒரு பையன் சாம்பாரிலிருந்த கேரட்டையெல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி, கடைசியில் ஒரே வாயில் போட்டான். மதியம் தினமும் முட்டையாம். நாம் வாரத்துக்கு ஒரு முட்டைக்காக என்னென்ன செய்தோம்! அதை இங்கே எழுதவில்லை, கடிதம் உன் மாமியார் கையில் சிக்கினாலும் சிக்கும்.

அன்றைக்குப் பிள்ளைகளை வாசிக்க விட்டேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகத்தை மடமடவென்று வாசித்தான். சந்தேகப்பட்டு வரியைக் கையால் மறைத்தேன். நிறுத்தாமல் வாசித்தான்! மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் புத்தகம் வேண்டாம் என்று பையிலிருந்த லாட்ஜ் நோட்டீஸைக் கொடுத்தேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். “வி-லை உ-யர்ந்-த பொ-ருட்-க-ளுக்-கு நிர்-வா-கம் பொ-றுப்-பல்-ல.” முடித்துவிட்டு, “அப்ப யாரு பொறுப்பு?” என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் ஒல்லி. நான்கு பேரிடம் பார்த்தேன், இரண்டு பேருக்கு உண்மையாக வருகிறது.

இரண்டுதானா என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். அன்று ராத்திரி என் சின்னவனிடமும் அதையே செய்து பார்த்தேன். வேனில் போகிறான், டை கட்டுகிறான், ஃபீஸ் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். இங்கிலீஷ் புத்தகத்தை அழகாக வாசித்தான். வரியை மறைத்தேன். அவனும் நிறுத்தவில்லை. அதிலிருந்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. நாம் படித்த பள்ளிக்கூடத்தைப் பத்து வருஷமாகத் தினமும் தாண்டிப் போகிறேன், ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இப்போது உனக்காக நான் போய் மார்க் போடுகிறேன்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அடிக்கடி ஆப்சென்ட். அப்பா போன போட்டை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டது, அம்மா மனுக் கொடுக்கக் கலெக்டர் ஆபீஸுக்கு அலையும்போதெல்லாம் அவனையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்தச் சின்ன டீச்சர் சாயங்காலம் அவன் வீட்டுக்கே போய் விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறாராம். டீச்சர் சொல்லவில்லை, சத்துணவு ஆயா சொன்னது. என் மகன் பள்ளியில் அவன் நான்கு நாள் வராவிட்டால் ஃபீஸ் பாக்கி மெசேஜ் மட்டும் வரும்.

என் பயமும் அந்த டீச்சரை வைத்துத்தான். ஊர் தருமபுரிப் பக்கம், சின்னக் குழந்தை அங்கே பாட்டியிடம் இருக்கிறது. மாறுதல் கலந்தாய்வில் கிடைத்தால் போய்விடுவேன் அக்கா என்று என்னிடமே சொன்னார். எப்படித் தப்பு சொல்வது? ஆனால் அவர் போய், அந்த இடம் ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் 43 பேருக்கும் தலைமையாசிரியை ஒருவர்தான். அவர் மீட்டிங் போகிற நாளில்? எனக்கு மற்ற எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. கட்டடம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, காம்பவுண்ட் சுவர் இருக்கிறது. ஆடி அமாவாசைக் கூட்டத்தில்கூடப் பிள்ளை ரோட்டுக்கு ஓடாது. இந்த ஒன்றுதான் உறுத்துகிறது. ஜூனில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுச் சேர்ப்பாயோ, சேர்த்துவிட்டு ஆள் கேட்டுச் சண்டை போடுவாயோ, நீதான் முடிவு பண்ண வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். உன் வாய்க்கு அது சரியான இடம்.

அப்புறம், அரசுப் பள்ளியில் படித்தால் டாக்டர் சீட்டில் 7.5 சதவீதம் இட ஒதுக்கீடு என்று உன் வீட்டுக்காரர் கணக்குப் போடுகிறாராமே. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் பார்ப்பார்கள். ஒன்றாம் வகுப்புக்கு அந்தக் கணக்கு வேண்டாம் என்று சொல்.

முடிந்தால் ஏப்ரலில் பரீட்சை முடிவதற்குள் பாப்பாவோடு ஒரு நடை வா. முன்கூட்டிச் சொல்லாமல் போவோம். தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பித்தளை. இரும்பென்றால் நம்மூர் உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது. மாட்டிக்கொடுங்கள் என்றால் இவர், ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், 61 நாளும் சும்மாதானே இருப்பேன் என்கிறார். அதற்குள் பள்ளிக்கூடமே லீவு விட்டுவிடும். உன் வீட்டுக்காரரை ஸ்க்ரூ டிரைவரோடு அனுப்பு.

உன்,
முட்டைக்கண்ணி