விற்றமின் ஈ குளிசையும் நாடிச் சுவரும்

ஆசிரியர் அவர்கட்கு,

கொலஸ்ட்ரோல் ஒட்சியேறி, அதாவது ஒட்சிசனுடன் தாக்கமுற்று, கெடுவதே மாரடைப்புக்கு வழி என்றும், ஆதலால் விற்றமின் ஈ குளிசை எடுத்தால் போதும் என்றும் சென்ற ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரை கூறியது. முதற் பாதி சரி. இரண்டாம் பாதி ஆபத்தானது. அதை வாசித்த என் அயல்வீட்டு அண்ணர், கொலஸ்ட்ரோலைக் குறைக்கக் கிளினிக்கில் கொடுத்த அற்றோவாஸ்டற்றின் குளிசையை ஒதுக்கிவிட்டு, பாமசியில் விற்றமின் ஈ வாங்கி விழுங்கத் தொடங்கிவிட்டார் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

குருதியில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துணிக்கைகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறத்தாழ 45,000 அடங்கும். அவ்வளவு நுண்ணியவை ஆதலால் அவை நாடியின் உட்படையான அகவணியைக் கடந்து சுவருக்குள் புகுந்து, அங்குள்ள புரத இழைகளில் சிக்கிக்கொள்கின்றன. மாமாங்கத் திருவிழாவில் வாங்கிய கச்சானை நாட்கணக்கில் திறந்து வைத்தால் காறல் மணம் வருமல்லவா? சிக்கிய துணிக்கையிலும் ஏறத்தாழ அதுவே நடக்கிறது: ஒட்சிசனின் தாக்கும் வடிவங்கள் அதன் கொழுப்பமிலங்களை உடைக்க, உடைந்த துண்டுகள் துணிக்கையைச் சுற்றியுள்ள புரதத்தில் ஒட்டி அதன் உருவையே மாற்றிவிடுகின்றன. புகைத்தலும் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இந்தத் தாக்கத்தைக் கூட்டுகின்றன.

உருமாறியதன் விளைவுதான் பெரிது. சாதாரண எல்.டி.எல்.ஐப் பிடித்து ஏற்கும், கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளை, போதிய கொலஸ்ட்ரோல் சேர்ந்ததும் கலம் தானே குறைத்துக்கொள்ளும்; இவ்வாங்கிகளை ஆராய்ந்த பிரவுணும் கோல்ட்ஸ்டீனும் 1985 இல் நோபல் பரிசு பெற்றனர். உருமாறிய துணிக்கையையோ, வேண்டாதவற்றை விழுங்கி அகற்றும் ‘விழுங்கிக் கலங்கள்’ வேறு வாங்கிகளால் பிடிக்கின்றன. அவ்வாங்கிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே கலம் விழுங்கி விழுங்கி, கொழுப்பு நிறைந்த நுரைக்கலமாகிச் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நாடிச் சுவரில் கொழுப்புப் படிவு தொடங்குவது இவ்வாறுதான்.

அப்படியானால் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் குளிசை பயன்தர வேண்டுமே என்று உயர்தர வகுப்பில் என் மாணவர்களும் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் அது சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. பிரித்தானியாவில் 20,536 பேரிடம் நடத்தி 2002 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், விற்றமின் ஈ, சி, பீற்றா கரோற்றீன் ஆகியவற்றை ஐந்தாண்டுகள் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லை. அதே ஆய்வில், அற்றோவாஸ்டற்றினைப் போலவே குருதியில் எல்.டி.எல்.ஐக் குறைக்கும் சிம்வாஸ்டற்றின் எடுத்தவர்களுக்கு அவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. சுவருக்குள் புகும் துணிக்கைகளே குறைந்தால் அங்கே கெடுவதற்கும் குறைவாகவே இருக்கும் என்பதே என் விளக்கம்.

வல்லாரையையும் முருங்கைக் கீரையையும் உண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்தியரைக் கேளாமல் கிளினிக் குளிசையை நிறுத்தக் கூடாது என்பதை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் தாங்கள் வெளியிட வேண்டும் என்றே கேட்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.